தீர்த்தமும் ஊசியும்

இராமேஸ்வரம் கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதாகவும், அவைகளின் நீரை வரிசையாய்த் தலையில் ஊற்றிக்கொண்டால் பாவம் போவதோடு பிணியும் போகுமென்றும் தலபுராணக்காரர்கள் சொல்லுகின்றார்கள். ஜனங்களும் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து வாளி வாளியாய் ஊற்றிக்கொள்ளுகின்றார்கள். பாவம் போயிற்றா என்று பரிசோதிக்க நம்மிடம் கருவி ஏதும் கிடையாது. ஆனால் பிணி போயிற்றா என்று பரிசோதிக்கக் கருவி உண்டு. அந்தக் கருவியைக்கொண்டு பார்த்த ஆராய்ச்சிக்காரர்களோ, மலேரியாக் காய்ச்சல் வெகுகாலம் விட்டு நீங்காத இடங்களில் ஒன்றாகவே இந்தத் தீவை எழுதி வைத்திருக்கின்றார்கள். 22 தீர்த்தம் உள்ள ஊரில் கொசுக் காய்ச்சலுக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டால், "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்பதுதான் பதில்.

தோழர்களே! இந்த "உனக்குப் புரியாது" என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான் இங்கு எழுதப் போகின்றோம். இவை வெறும் அவமானச் சொற்கள் மாத்திரமல்ல. ஆளைக் கொல்லுகின்ற சொற்களுமாகும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஓர் ஊசியின் கதையைக்கொண்டு இதை விளக்குவோம்.

காமாலையும் மந்திரமும்

காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களுக்கு ஓர் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். இந்தத் "தானாகவே" என்பதுதான் மந்திரக்காரனுடைய மூலதனம். மாமரத்துப் பட்டைச் சாற்றைக் கையில் தடவி உலரவிட்டு, பிறகு சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் மஞ்சளாகும். "பார், காமாலை இறங்குகிறது" என்று காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இந்நாட்டின் பல பாகங்களிலும் உண்டு. காமாலை இல்லாதவன் கையில் தடவிக் கழுவினாலும் அதே மஞ்சள்தான் வடியும் என்பதைப் பகுத்தறிவுப் பிரசாரகர்கள் மேடையிலேயே செய்து காட்டியிருக்கின்றார்கள்.

ஆனால் ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமியின் சங்கதி வேறு. அது தண்ணீரால் வருவதல்ல. இரத்தத்தாலும், சுத்தம் செய்யாத ஊசி, சவரக்கத்திகளாலும், ஆண் பெண் சேர்க்கையாலும், எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றுவது. நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேர் அதை வென்று விடுகின்றார்கள். பிறக்கும்போதே தொற்றினாலோ 100க்கு 90 குழந்தைகளின் ஈரலில் அது நிரந்தரமாய்க் குடியேறி விடுகின்றது. அப்போது கண் மஞ்சளாவதுமில்லை, காய்ச்சல் வருவதுமில்லை. முப்பது, நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து, பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றவேண்டிய வயதில் ஈரலைச் சுருக்கியோ, புற்று வைத்தோ ஆளைக் கொண்டுபோகின்றது. ஊராரோ "குடித்துக் கெட்டான்" என்றோ, "தலையெழுத்து" என்றோ இரண்டு வார்த்தையில் காரியத்தை முடித்து விடுகின்றார்கள். 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் சுமார் 3 கோடிப் பேர் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் கணக்குக் காட்டியிருக்கின்றது. 3 கோடிப் பேருக்கும் பிரமன் ஒரே மாதிரித் தலையெழுத்து எழுதினானென்றால், அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவனைத்தான் தேடவேண்டும்.

இன்னொரு 22

இந்தக் கிருமியைப் பிடித்த கதையைக் கேளுங்கள். 1960களில் பிளம்பெர்க் என்ற அமெரிக்க டாக்டர், ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் இரத்தத்தில் அதுவரை அறியாத ஒரு புரதத்தைக் கண்டார். அது இந்தக் காமாலைக் கிருமியின் மேல்தோல் என்று பிற்பாடு தெரிந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெரிய பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்த மேல்தோல் சிறு சிறு உருண்டைகளாய் இரத்தத்தில் மிதந்தது. உள்ளே கிருமியின் வித்து இல்லை, வெறும் கூடு. அதன் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாகப் போட்டால் ஒரு கூறுக்குத்தான் நானோமீட்டர் என்று பெயர். தலைமயிர் ஒன்றின் பருமனுக்குள் இந்த உருண்டைகளை மூவாயிரத்துக்கு மேல் வரிசையாய் அடுக்கலாம். கோவிலில் இருப்பது 22 தீர்த்தம். ஊசியில் இருப்பது 22 நானோமீட்டர். எந்த 22 பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கூட்டைச் சுத்தம் செய்து உடம்பில் செலுத்தினால், உடம்பிலுள்ள காவல் அணுக்கள் கிருமியே வந்துவிட்டதென்று எண்ணி ஆயுதம் தயார் செய்து வைத்துக்கொள்ளும். உள்ளே வித்து இல்லாததால் நோய் உண்டாக வழியில்லை. 1981இல் அமெரிக்காவில் வந்த முதல் ஊசி, நோய் தொற்றியவர்களின் இரத்தத்திலிருந்தே இந்தக் கூட்டைப் பிரித்து எடுத்துச் செய்தது. இரத்தத்துக்கு எங்கே போவது? ஆகவே கிருமியின் ஜீனில் அந்தத் தோலைச் செய்யும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் என்றால் மிரளவேண்டியதில்லை. நம் இராமநாதபுரம் ஜில்லாப் பனையில் இறக்கும் கள்ளை நுரைக்க வைக்கிறதே, அந்த இனம்தான். அது தொட்டியில் கோடி கோடியாய்ப் பெருகி, தனக்குச் சம்பந்தமில்லாத அந்தப் புரதத்தைச் செய்து கொடுக்கிறது. 1986இல் இந்த முறையில் செய்த ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதருக்கென்று ஜீன் மாற்று முறையில் செய்த முதல் தடுப்பூசி அதுவே.

புரதத்தைக் கரைசலாய்ச் செலுத்தினால் போதாதா, உருண்டை எதற்கு என்று கேட்கலாம். பாம்பன் கடலில் தொழில் செய்யும் தோழர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சூடை மீன் தனியே போனால் யார் கண்ணிலும் படாது. கூட்டமாய்த் திரண்டு மின்னினால் வள்ளத்திலிருப்பவன் உடனே வலையை எடுப்பான். அதுபோல் ஒரே வடிவம் ஒழுங்காய்ப் பலதரம் அடுக்கியிருந்தால்தான் காவல் அணுக்கள் அதை எதிரியென்று திடமாய் அறிந்துகொள்ளுகின்றன. உருண்டையின் ரகசியம் இவ்வளவுதான். இதில் புரியாதது என்ன இருக்கின்றது?

வெள்ளைக்காரனும் அதையே சொன்னான்

அந்த ஊசி இறக்குமதிச் சரக்காய் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு தடவைக்குப் பல நூறு ரூபாய் விலை. கூலிக்காரன் பிள்ளைக்கு அது எட்டுமா? ஆந்திரநாட்டு வரப்பிரசாத் ரெட்டி என்ற மின்னணு எஞ்சினியர், 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போய் இந்தத் தொழில்நுட்பத்தைக் கேட்டார். "உங்களால் இதற்குப் பணம் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் உங்கள் விஞ்ஞானிகளுக்கு இது புரியாது" என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கின்றார்.

பார்த்தீர்களா தோழர்களே! "வேதம் உனக்குப் புரியாது, காதால் கேட்கவும் கூடாது" என்று நம்மைச் சொன்னவர்கள் இங்கே ஆயிரக்கணக்கான வருஷமாய் இருந்தார்கள். "விஞ்ஞானம் உனக்குப் புரியாது, விலைக்கும் கிடையாது" என்று கோட்டும் தொப்பியும் போட்டவனும் சொன்னான். இருவருக்கும் நிறம் வேறு, பாஷை வேறு, தொழில் ஒன்று. புரிந்துகொண்டால் இவன் நம்மிடம் வரமாட்டான் என்ற பயம்தான் இருவருக்கும்.

ரெட்டி கும்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை. 1993இல் ஐதராபாத்தில் தம் தாயார் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நம்நாட்டு விஞ்ஞானிகளைக்கொண்டு ஈஸ்ட்டிலிருந்து அதே உருண்டையைச் செய்து, 1997இல் சான்வாக்-பி என்ற பெயரில் கொண்டுவந்தார். பிறகு மற்ற இந்தியக் கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன. பல நூறு ரூபாய் விலை பத்துகளில் வந்து நின்றது. 2002இல் சில நகரங்களிலும் ஜில்லாக்களிலும் சோதனையாய்த் தொடங்கி, 2011இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்குச் சர்க்கார் இதை இலவசமாய்ப் போடத் துணிந்தது. புரியாது என்று சொன்னவன் வார்த்தையை நம்பியிருந்தால் இது நடந்திருக்குமா?

காரியம் இத்தோடும் நிற்கவில்லை. இயற்கையில் எங்கும் இல்லாத புரதத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வடிவமைத்து, அதன் துண்டுகள் தாமாகவே கூடி உருண்டையாகும்படி செய்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையில் வடிவமைத்த அப்படிப்பட்ட உருண்டையின்மேல் கொரோனாக் கிருமியின் துண்டுகள் 60ஐப் பதித்துச் செய்த ஊசிக்கு 2022இல் தென்கொரியா அனுமதி கொடுத்தது. புரதங்களைக் கணக்கால் வடிவமைக்கும் இந்தக் கலைக்காக டேவிட் பேக்கர் என்பவர் 2024இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். "எல்லாம் படைத்தவன் ஒருவன்" என்கிற ஆஸ்திக சிகாமணிகளை நாம் வினயமாய்க் கேட்கின்றோம்: இந்தப் புரதத்தைப் படைத்தவன் யார்? எந்த நாபிக்கமலத்தில் உட்கார்ந்து படைத்தான்?

மூன்று கேள்விகள்

கிராமக் கூட்டங்களில் வழக்கமாய்க் கிளம்பும் கேள்விகள் மூன்று. அவைகளுக்கு விடை சொல்லாமல் போவது நியாயமல்ல.

முதலாவது, "பிறந்த பச்சைக் குழந்தைக்கு ஊசியா? தீட்டுக் கழியட்டும், நல்ல நேரம் பார்த்துப் போடுவோம்" என்பது. தாயின் இரத்தத்திலுள்ள கிருமி ராகுகாலம் பார்த்துக் குழந்தைக்குள் போவதில்லை. ஊசி அதை முந்தவேண்டும். அதற்குத்தான் 24 மணி என்ற கெடு. தமிழ்நாட்டில் அநேகமாய் எல்லாப் பிரசவமும் இன்று ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றது. பிரசவத்துக்கு நல்ல நேரம் பார்த்துக் காத்திராத குழந்தைக்கு, ஊசிக்கு மாத்திரம் நல்ல நேரம் ஏன்?

இரண்டாவது, "இது பிள்ளை பிறக்காமல் செய்கிற ஊசி" என்பது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்ஆப் மூலம் பரப்பப்பட்ட புரளிகளை நாம் மறக்கவில்லை. பழைய பஞ்சாங்கப் புரளிக்கும் இந்தப் புதுப் புரளிக்கும் அச்சுக்கூடம்தான் வேறு. உருண்டையில் இருப்பது கிருமியின் தோல் மட்டும். ஊசி போட்ட இடத்தில் வலியும், சிலருக்குச் சிறு காய்ச்சலும் வரலாம். கடுமையான ஒவ்வாமை 10 லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுவதால்தான் போட்டபின் சிறிது நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுகின்றார்கள். கெடுதலையும் எண்ணிச் சொல்லுவதுதான் யோக்கியமான வைத்தியம்.

மூன்றாவது கேள்விதான் கெட்டிக்காரத்தனமானது. "உனக்கு ஊசியில் நம்பிக்கை, எனக்குத் தீர்த்தத்தில் நம்பிக்கை. இரண்டும் நம்பிக்கைதானே?" என்பது. இல்லை, ஐயா, இல்லை. ஊசியை நம்பச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்லுகின்றோம். தைவானில் 1984 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தார்கள். பிறகு சிறுவர்களில் ஈரல் புற்றுநோய் கண்டவர்களைக் கணக்கெடுத்தார்கள். 6 முதல் 14 வயதுக்காரர்களில் அது ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள், ஊசியும் குப்பைக்குப் போயிருக்கும். முழுவதும் போட்டுக்கொண்டாலும் 100க்கு 5 பேர் அளவுக்கு இது பலிக்காமல் போகலாம் என்று செய்தவர்களே சொல்லுகின்றார்கள். எந்தத் தீர்த்தக்கரையிலாவது "100க்கு 5 பேருக்குப் பலிக்காது" என்று பலகை தொங்கினதுண்டா?

ஊசியும் சாமி அல்ல

நிற்க. ஊசியைப் புதுச் சாமியாக்கிக் கற்பூரம் கொளுத்துகிறவர்களுக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. அதற்கு இராமேஸ்வரத்து மலேரியாவே சாட்சி.

அதே 22 நானோமீட்டர்க் காமாலை உருண்டையின் புரதத்தோடு மலேரியாக் கிருமியின் மேல்தோல் துண்டை ஒட்டவைத்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் ஆர்21 என்ற ஊசியைச் செய்தார்கள். அது நம் புனாவிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராகின்றது. 2023 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஒப்புக்கொண்டு சிபார்சு செய்தது. 2024இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பருவத்தில் மலேரியா பரவும் இடங்களில், முதல் ஓராண்டுக்குக் காய்ச்சலை 100க்கு 75 பங்கு குறைத்ததாகக் கணக்கு. வருஷத்துக்கு லட்சக்கணக்கான குழந்தைகளை மலேரியாவுக்குப் பறிகொடுக்கும் கண்டத்துக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்!

ஆனால் அந்த ஊசி பால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமிக்கு ஆனது. தமிழ்நாட்டில் காணும் மலேரியாவில் பெரும்பகுதி வைவாக்ஸ் என்ற வேறு வகை. ஆகவே "புனாவில் ஊசி வந்துவிட்டது, இனி இராமேஸ்வரத்துக்குப் பயமில்லை" என்று எவனாவது சொன்னால் அவனும் ஒரு தலபுராணக்காரனே. கொசுவுக்குப் புண்ணியக் கிணறு, வீட்டுக் கிணறு என்ற பேதமில்லை. மூடாத தொட்டியும் மணலில் தோண்டிவிட்ட குழியும் அசையாத நல்ல தண்ணீரும் போதும்.

தனுஷ்கோடிக்கு எதிரே சுமார் 18 மைலில் இலங்கை இருக்கின்றது. 1934-35இல் மலேரியாவால் அங்கே சுமார் 80,000 பேர் மாண்டார்கள். 1963இல் தேசம் முழுவதும் 17 பேருக்குத்தான் காய்ச்சல் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு விட்டது சனி என்று அசந்தார்கள்; சில வருஷத்தில் மறுபடியும் லட்சக்கணக்கில் வந்தது. பிறகு விடாமல் கொசுவை ஒழித்தும், காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் பரிசோதித்து மருந்து கொடுத்தும், 2012க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியாவே இல்லையென்று செய்து, 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று பெற்றார்கள். கதிர்காமத்துக் காவடியால் அல்ல. மலேரியா ஊசியாலும் அல்ல. இடைவிடாத வேலையால். அந்தக் கரையில் முடிந்தது இந்தக் கரையில் ஏன் முடியாது?

மண்டபம் கற்பித்த பாடம்

கடைசியாக, சர்க்காருக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் நம் கூலி ஜனங்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, வரிசையாய் அம்மை குத்தி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. ஊசி நல்லதுதான். 1977இல் இந்தியாவிலும், 1980இல் உலகத்திலும் பெரியம்மை ஒழிந்ததென்று சான்று வழங்க வைத்ததும் அம்மை குத்தியதுதான். மாரியம்மனுக்கு ஊற்றிய கூழ் அல்ல. ஆனால் ஏன் குத்துகின்றோம் என்று அந்த ஏழைகளை மதித்து விளக்கிச் சொல்ல எந்தத் தோட்ட முதலாளிக்கு அக்கறை இருந்தது? ஆள் சாகாமல் வேலைக்கு வந்தால் போதும் என்பதே அவன் கவலை.

அந்தப் புத்தி இன்னும் சில வெள்ளைக்கோட்டுக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. தாய் ஒருத்தி, "இது என்ன ஊசி, ஐயா?" என்று கேட்டால், "சொன்னாப் போட்டுட்டுப் போம்மா, உனக்குப் புரியாது" என்கின்றார்கள். அந்த நிமிஷத்திலேயே அந்தத் தாய் மந்திரக்காரனிடமும், வாட்ஸ்ஆப் புரளிக்காரனிடமும் ஒப்படைக்கப்பட்டு விடுகின்றாள். ஏனென்றால் அவர்களாவது அவளிடம் உட்கார்ந்து பேசுகின்றார்கள். ஊசியில் உள்ளதை ஐந்து நிமிஷத்தில் தமிழில் சொல்ல முடியாத டாக்டருக்கு அது புரியவில்லை என்று நாம் சொல்லுவதா, தாய்க்குப் புரியாது என்று அவர் சொல்லுவதா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். கர்ப்பிணிப் பெண்களே! பிரசவத்துக்கு முன்பே இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தை பிறந்த 24 மணிக்குள் முதல் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது சேர்ந்திருக்கின்றது, அவைகளையும் விடாதீர்கள். என்ன ஊசி, எதற்கு, என்ன கெடுதல் வரலாம் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்லுவது அவர்கள் வேலை. அதற்காகத்தான் உங்கள் வரிப்பணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம்.

ஊசியைக் கும்பிட்டுப் போட்டுக்கொண்டாலும் அது வேலை செய்யும்தான். ஆனால் இன்று ஊசியைக் கும்பிட்டவன், நாளைக்கு எவனாவது வேறொன்றைக் காட்டினால் அதையும் கும்பிடுவான். தெரிந்து போட்டுக்கொண்டவனை எவனும் ஏமாற்ற முடியாது. "உனக்குப் புரியாது" என்று யார் சொன்னாலும், அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, "புரியும்படி சொல்லு, நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று அவனிடம் சொல்லுங்கள்.